வறட்சி நலிவு மதிப்பீடும் ஊர் வறட்சித் திட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும் கலந்து கிடக்கும் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. ஊராட்சி, பாசன சங்கம், தொண்டு நிறுவனம் என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பயன்படும். கணக்குகளில் வரும் ஊர் எண்கள் மாதிரிக்காக வைத்தவை. உங்கள் ஊர் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

மழை குறைந்தால் வறட்சி. இதில் "நலிவு" என்று தனியாக எதை மதிப்பிடுவது?

பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே மழை. ஒன்றில் சித்திரை வரை ஊருணியில் தண்ணீர் நிற்கிறது. மற்றதில் தை பிறந்ததுமே குடம் வரிசை கட்டுகிறது. மழைமானியில் இந்த வித்தியாசம் தெரியாது. ஊர் வறட்சிக்கு எவ்வளவு ஆட்படுகிறது, ஆட்பட்டால் எவ்வளவு நோகும், எவ்வளவு நாள் தாங்கும் என்ற மூன்றும் சேர்ந்ததே நலிவு. மானாவாரிப் பரப்பு நோகும் அளவைக் கூட்டும். நல்ல தண்ணீர் உள்ள ஊருணி, கூட்டுறவுக் கடன், வெளியூர் வருமானம் ஆகியவை தாங்கும் திறனைக் கூட்டும்.

ஒரு எச்சரிக்கை. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2007 அறிக்கையில் இந்த மூன்றையும் சேர்த்தே நலிவு என்றது. 2014 அறிக்கையில் ஆட்படுதலை நலிவிலிருந்து பிரித்து, இடர் என்ற பெரிய கணக்குக்குள் வைத்தது. பல அறிக்கைகள் பாதியை அங்கிருந்தும் பாதியை இங்கிருந்தும் எடுத்து, மழைக்குறைவை இரண்டு முறை எண்ணிவிடுகின்றன. எதைப் பின்பற்றினாலும் சரி, ஒன்றையே பின்பற்றுங்கள்.

எந்த அளவில் செய்ய வேண்டும்? மாவட்டமா, ஒன்றியமா, ஊரா?

நிதி பிரிக்க மாவட்டக் கணக்கு போதும். வேலை செய்ய அது உதவாது. எங்கள் பரிந்துரை இரண்டு படி: வட்டார அளவில் குறியீட்டெண் போட்டு ஊர்களைத் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்த ஊரில் கண்மாய் கண்மாயாக, ஊருணி ஊருணியாகக் கணக்குப் பார்ப்பது. ஊராட்சி எல்லையும் நீர் எல்லையும் ஒன்றல்ல. கண்மாய்கள் சங்கிலியாகக் கிடக்கின்றன. மேல் கண்மாய் நிரம்பி வழியும் மறுகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. மேலே கலிங்கை (உபரி நீர் வழியும் சுவரை) அரை அடி உயர்த்திக் கட்டிவிட்டு, கீழ் ஊரில் வறட்சிக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

தரவு எங்கே கிடைக்கும்?

பயிர்ப் பரப்புக்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் (புல எண் வாரியான பயிர்ப் பதிவேடு). அது பின்பற்றும் வருவாய்த் துறைப் பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால் சம்பா முழுவதும் ஒரே பசலிக்குள் வந்துவிடும். ஆங்கில ஆண்டுக் கணக்கோடு கலந்தால் ஓராண்டு தள்ளிப்போகும். ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். பெரிய கண்மாய்களுக்குப் பொதுப்பணித் துறைக் காலத்து "டேங்க் மெமோயர்" இருக்கும். நீர்மட்டம், பரப்பு, கொள்ளளவு, மடை, கலிங்கு எல்லாம் அதில் உண்டு. வண்டல் படிந்ததால் கொள்ளளவு இன்று அதைவிடக் குறைவு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நிலத்தடி நீர் தமிழ்நாட்டில் பிர்க்கா (பல ஊர்கள் சேர்ந்த வருவாய் உள்வட்டம்) வாரியாக மதிப்பிடப்படுகிறது. ஆண்டுதோறும் நிலத்தில் ஊறும் நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை பாதி நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் மிகைச் சுரண்டல். கடலோரப் பிர்க்காவில் இந்தப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். யாரும் எடுக்காததால் "பாதுகாப்பானது" என்று வந்திருக்கும். எடுக்காததற்குக் காரணம் உப்பு. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லையென்றால் 2,000 வரை என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. சின்ன உப்புமானி ஒன்றை வாங்கி, ஊரில் உள்ள எல்லா அடிகுழாயையும் சித்திரையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை அளந்து எழுதுங்கள்.

எங்கள் ஊரில் மழைமானி இல்லை. பக்கத்து நிலையக் கணக்கு போதாதா?

30 ஆண்டு இயல்பு அளவுக்கு அது போதும்; நடப்பு ஆண்டுக்குப் போதாது. வடகிழக்குப் பருவத்தில் பத்து கிலோமீட்டர் தள்ளி மழை அறவே மாறும். பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒரு சாதாரண மழைமானி வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளக்கச் செய்யுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் அது மழை நாள். அளக்காத நாளைக் கோடு போட்டு விடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். பின்னால் யாரோ அதை வறண்ட நாளாக எண்ணுவார்கள். இது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு.

எஸ்.பி.ஐ. என்கிறார்களே, அது என்ன?

தரப்படுத்திய மழைக் குறியீடு. 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில் மெக்கீ, டோஸ்கென், கிளைஸ்ட் மூவரும் உருவாக்கினார்கள். இந்த இடத்தில், இந்த மாதங்களில், இவ்வளவு குறைவாகப் பெய்வது எவ்வளவு அரிது என்பதை ஒரே எண்ணில் சொல்லும். −1.0 முதல் −1.49 மிதமான வறட்சி, −1.5 முதல் −1.99 கடுமை, −2.0-உம் அதற்குக் கீழும் மிகக் கடுமை. குறைந்தது 30 ஆண்டு மாத மழை வேண்டும். இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

நமக்கு வேண்டியது டிசம்பர் இறுதியில் எடுக்கும் 3 மாத எஸ்.பி.ஐ. அதில்தான் வடகிழக்குப் பருவம் முழுதாக அடங்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு 1 மாத எஸ்.பி.ஐ. போட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இயல்பே மிகக் குறைவாக இருக்கும் மாதத்தில் ஒரு தூறல் எண்ணைத் தலைகீழாக்கும். ஆவியாவதை இது கணக்கில் எடுக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மொத்த மழை இயல்பு. ஆனால் பயிர் கருகிவிட்டது. எப்படி?

இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. 150 மில்லிமீட்டர் இரண்டே நாளில் கொட்டினால் கண்மாய் பெருகும். அதன்பின் நான்கு வாரம் வானம் வெளுத்தால் கண்மாய் இல்லாத மேட்டுப் புஞ்சை காயும். அதே 150 பத்துப் பதினைந்து தவணையாகத் தூறினால் புஞ்சை பிழைக்கும், வரத்துக் கால்வாயில் சொட்டுத் தண்ணீர் ஓடாது, கண்மாய் வெறுமையாகக் கிடக்கும். ஒரே மழையளவில் இரண்டு வேறு வறட்சிகள், இரண்டு வேறு ஆட்களுக்கு. மொத்த மழையோடு வறண்ட வாரங்களையும் எண்ணச் சொல்வது இதற்குத்தான். வார மழை இயல்பில் பாதிக்கும் கீழ் போய், அது தொடர்ந்து மூன்று வாரம் நீடித்தால் வறண்ட இடைவெளி. வாரத்தை வானிலைத் துறை வரிசைப்படி எடுங்கள்; 40-ஆவது வாரம் அக்டோபர் 1-இல் தொடங்கும்.

செயற்கைக்கோள் படம் எங்கள் ஊரைப் பச்சையாகக் காட்டுகிறது. பயிரே இல்லையே?

சீமைக்கருவேலம். பயிர்ப் பசுமைக் குறியீடு அகச்சிவப்பு ஒளியையும் சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டு இலை எவ்வளவு என்று சொல்லும். அது யாருடைய இலை என்று சொல்லாது. வேலிக்காத்தான் என்றும் சொல்லும் இந்த மரம் கடும் கோடையிலும் பச்சையாக நிற்கும். கண்மாய் உள்வாயும் தரிசும் அதனால் மூடிய ஊரில் வட்டார சராசரி எடுத்தால் வறட்சி மறைந்துபோகும். அடங்கலில் நஞ்சை, புஞ்சை என்று பதிவான பயிர் நிலங்களின் எல்லையை மட்டும் வெட்டி எடுத்து, மார்ச் மாதப் படத்திலும் பச்சையாக இருக்கும் புள்ளிகளை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். மிச்சத்துக்குத் தாவர நிலைக் குறியீடு போடலாம்: இந்த வாரத்தின் பசுமை, கடந்த ஆண்டுகளில் இதே வாரத்தின் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடையில் எங்கே நிற்கிறது என்பதை 0 முதல் 100 வரையிலான எண்ணாகச் சொல்வது அது. 40-க்குக் கீழ் என்றால் மோசம், 20-க்குக் கீழ் மிக மோசம். அதன் பிறகும் ஒரு நடை வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அறிக்கை எழுத வேண்டும்.

நலிவுக் குறியீட்டெண் போடும் முறையைச் சொல்லுங்கள்.

முதலில் சுட்டிகளை (நலிவைக் காட்டும் அளவுகளை)த் தேர்ந்தெடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு போதும். முப்பது வைத்தால் பாதி ஒன்றையொன்று திருப்பிச் சொல்லும்: மானாவாரிப் பங்கும் பாசனப் பங்கும் ஒரே செய்தியின் இரு பக்கம்.

அடுத்து, ஒவ்வொன்றையும் 0-க்கும் 1-க்கும் இடையில் கொண்டுவர வேண்டும். ஊரின் மதிப்பிலிருந்து குறைந்த மதிப்பைக் கழித்து, அதிக மதிப்புக்கும் குறைந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்கவும். மானாவாரிப் பங்கு உங்கள் ஊர்களில் குறைந்தது 20, அதிகம் 90 சதவீதம் என்று வையுங்கள். 62 சதவீதம் உள்ள ஊருக்கு (62−20)÷70 = 0.6. தாங்கும் திறனைச் சொல்லும் சுட்டியைத் திருப்பிப் போட வேண்டும். ஊருணியில் தண்ணீர் நிற்கும் நாட்கள் குறைந்தது 60, அதிகம் 240 என்றால், 195 நாள் நிற்கும் ஊருக்கு (240−195)÷180 = 0.25. இந்தத் திருப்பலை மறந்துவிட்டால் பட்டியலே தலைகீழாகும். கிணற்று எண்ணிக்கை போன்றவற்றில் திசையே சந்தேகம்: நன்னீர் ஊரில் அது தாங்கும் திறன், ஊற்று வற்றிய ஊரில் அது கடன் வாங்கி ஆழ்துளை போட்டு ஏமாந்தவர்களின் எண்ணிக்கை. திசை தெரியாத சுட்டியை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு ஊர் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு தள்ளி நின்றால், அது மற்ற எல்லாவற்றையும் 0-க்குப் பக்கத்தில் நசுக்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இரு முனையிலும் ஐந்து சதவீதத்தை வெட்டி எல்லை வையுங்கள்.

கடைசியில் சராசரி. இங்கேதான் பெரிய ஓட்டை. ஒரு ஊருக்குப் பயிர் 0.1, கடன் 0.1, குடிநீர் 1.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 0.4, "நடுத்தர நலிவு" என்று பட்டியலின் நடுவில் போய் உட்காரும். அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. மனித மேம்பாட்டுக் குறியீட்டில் 2010 முதல் பெருக்கல் சராசரி (எண்களைப் பெருக்கி மூலம் காண்பது) எடுக்கிறார்களே என்று அதைப் போட்டால் 0.22 என்று இன்னும் இறங்கும். அந்தக் குறியீட்டில் எண் கூடினால் நல்லது, நமக்கு எண் கூடினால் கெட்டது; சூத்திரத்தை அப்படியே தூக்கி வரக் கூடாது. சராசரி எதுவானாலும், எந்த ஒரு சுட்டியிலாவது 0.9-க்கு மேல் போன ஊருக்குத் தனிச் சிவப்புப் புள்ளி வையுங்கள்.

எந்தச் சுட்டிக்கு எவ்வளவு எடை?

எல்லாவற்றுக்கும் ஒரே எடை போட்டு ஒருமுறை, ஊர்க்காரர்கள் சொன்ன எடை போட்டு ஒருமுறை, குடிநீருக்கு இரட்டை எடை போட்டு ஒருமுறை பாருங்கள். மூன்றிலும் முதல் பத்துக்குள் வரும் ஊர்களில் வேலையைத் தொடங்கலாம். எடையை மாற்றினால் ஏறி இறங்கும் ஊர்களுக்கு நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாம் தசமத்தில் சண்டை போடுவது வீண்.

ஊர்க்கூட்டத்தில் என்ன கேட்பது?

"வறட்சியில் என்ன கஷ்டம்?" என்று கேட்டால் "எல்லாம் கஷ்டம்தான்" என்று பதில் வரும். எல்லாருக்கும் நினைவிருக்கும் ஓர் ஆண்டைப் பிடியுங்கள். 2016 வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் சுமார் 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168 மட்டுமே பெய்தது; 62 சதவீதக் குறைவு. 2017 ஜனவரி 10-இல் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. தரையில் பன்னிரண்டு கட்டம் போட்டு, புரட்டாசியில் தொடங்கி மாதம் மாதமாகக் கேளுங்கள்: கண்மாய் எப்போது வற்றியது? ஊருணியில் எந்தப் படி வரை தண்ணீர் இருந்தபோது முதல் சண்டை வந்தது? முதல் மாடு எப்போது விலைக்குப் போனது, என்ன விலைக்கு? நகை எப்போது அடகுக்குப் போனது? முதல் குடும்பம் திருப்பூருக்குப் போன மாதம் எது, திரும்பியது எது? சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டவர்களுக்கு அந்த ஆண்டு வருமானம் கூடியதா?

எது எதற்கு முன்னால் உடைந்தது என்ற இந்த வரிசையே உங்கள் மதிப்பீட்டின் மையம். ஆயக்கட்டுக்காரர், குத்தகைதாரர், தண்ணீர் சுமக்கும் பெண்கள், ஆட்டுக் கிடை போடும் கீதாரிகள் எல்லாரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே பந்தலில் உட்கார வைத்தால் மடைக்குப் பக்கத்து நிலக்காரர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கீதாரிகள் கோடையில் ஊரில் இருக்கவும் மாட்டார்கள். ஆடுகளோடு தஞ்சைப் பக்கம் போயிருப்பார்கள்.

பழைய பஞ்ச விதிகளும் இப்படித்தான் பார்த்தன. 1876–78-இன் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் எழுதப்பட்ட அந்த விதிகளில் தானிய விலை ஏற்றமும் மக்கள் வேலை தேடி அலைவதும் எச்சரிக்கை அடையாளங்கள்.

கண்மாயில் இருக்கும் தண்ணீர் எத்தனை ஏக்கரைக் காப்பாற்றும் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஆயக்கட்டு 200 ஏக்கர். டிசம்பர் 1-இல் மடையின் அடிமட்டத்துக்கு மேல் 1,50,000 கன மீட்டர் தண்ணீர். (பழைய அட்டவணை இல்லையென்றால் நீர்ப்பரப்பை மடையருகே உள்ள ஆழத்தால் பெருக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் 0.4 வரை எடுப்பது தோராயக் கணக்கு.) பயிர் முடிய இன்னும் 50 நாள், ஐந்து தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஒரு பாய்ச்சலுக்கு 5 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 200 கன மீட்டர்; ஐந்துக்கு 1,000.

இனிக் கழிவுகள். சராசரி நீர்ப்பரப்பு 50 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 2,00,000 சதுர மீட்டர். நாளுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியானால் 50 நாளில் 20 சென்டிமீட்டர்: 40,000 கன மீட்டர் வெயிலுக்குப் போயிற்று. கசிவுக்கு 10,000 வையுங்கள். மடை வழியே வெளியேறக்கூடியது 1,00,000. வாய்க்காலில் கால் பங்கு போனால் வயலுக்கு வருவது 75,000. ஆக, இனி மழையே இல்லையென்றால் 75 ஏக்கர்.

200 ஏக்கருக்கும் சமமாகப் பிரித்தால் ஏக்கருக்கு 375 கன மீட்டர், இரண்டு தண்ணீர்கூட முழுதாக இல்லை. பொதி கட்டிப் பூக்கும் தருணத்தில் காய்ந்த நெல் பின்னால் எவ்வளவு பாய்ச்சினாலும் பதராகத்தான் நிற்கும். எல்லாரும் சமமாக இழப்பார்கள். யாருக்கு நிறுத்துவது என்பதை டிசம்பரில் முடிவு செய்ய முடியாது. அப்போது கைகலப்புதான் மிஞ்சும். ஆவணியில், கண்மாய் வறண்டு எல்லாரும் நிதானமாக இருக்கும்போது எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்: சொந்தக் கிணறு உள்ளவருக்குக் கடைசி முறை, மடை திறந்து பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி எங்கிருந்து, விட்டுக்கொடுத்தவருக்கு விளைச்சலில் என்ன பங்கு என்று. இலங்கையின் வறண்ட மண்டலக் குளத்து ஊர்களில் "பெத்ம" என்றொரு வழக்கம் உண்டு. தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அருகிலுள்ள வயலை மட்டும் பயிரிட்டு, அதை எல்லாப் பங்காளிகளுக்கும் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அப்படியே இங்கே பொருந்தாது, ஆனால் பேச்சைத் தொடங்க நல்ல எடுத்துக்காட்டு.

குடிநீர்க் கணக்கு?

1,500 பேர், 300 மாடு, 800 ஆடு. மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்ட அளவான ஆளுக்கு 55 லிட்டர் வீதம் 82,500. மாட்டுக்கு 40 லிட்டர் வீதம் 12,000. ஆட்டுக்கு 5 வீதம் 4,000. மொத்தம் நாளுக்கு 98,500 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்கு ஒன்பது நடை. நெருக்கடியில் ஆளுக்கு 20 லிட்டர் என்று குறைத்தால் 46,000, நான்கு நடை. ஒரு லாரி நிரப்பி, ஓட்டி, இறக்கித் திரும்ப இரண்டரை மணி நேரம் ஆனால் நான்கு நடைக்கே பொழுது சாய்ந்துவிடும். ஒன்பது என்றால் இன்னும் லாரிகள் வேண்டும். நிரப்பும் இடத்தில் மின்சாரம் எத்தனை மணி நேரம் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். லாரியை ஏற்பாடு செய்துவிட்டு அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஊருணிக்கு இன்னொரு கணக்கு. 60 மீட்டருக்கு 60 மீட்டர் ஊருணியில் கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 21,600 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் எடுத்தால் ஊர் எடுப்பது 15,000. ஊர் குடிப்பதைவிட வெயில் அதிகம் குடிக்கிறது. அதனால் பரப்பைக் கூட்டாமல் ஆழத்தைக் கூட்டுவதே லாபம். களிமண் அடுக்கைத் தாண்டித் தோண்டினால் ஒட்டுமொத்தமும் இறங்கிவிடும் என்பதால், நடுவில் ஒரு சோதனைக் குழி போட்டு மண்ணைப் பார்த்த பிறகே பொக்லைனை இறக்குங்கள்.

கால்நடைத் தீவனம்?

மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ வைக்கோல் என்றாலும் 300 மாட்டுக்கு ஒன்றரை டன். 120 நாளுக்கு 180 டன். தை, மாசியில் அறுவடை நடக்கும்போது வாங்கிப் போர் போட வேண்டும், வைகாசியில் தேடினால் விலை ஏறியிருக்கும். வழக்கமாகத் தஞ்சைப் பக்கமிருந்து வரும் என்று எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. 2016-17 போல டெல்டாவும் சேர்ந்து காய்ந்தால் எங்கிருந்து என்பதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.

திட்டத்தில் என்ன எழுத வேண்டும்?

அளவு, தேதி, ஆள், பணம். உலக வானிலை அமைப்பும் உலக நீர்க் கூட்டாண்மையும் 2013-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த வறட்சி மேலாண்மைத் திட்டம் கண்காணிப்பு, நலிவு மதிப்பீடு, முன்தயாரிப்பு என்று மூன்று தூண் சொல்கிறது. ஊர்த் திட்டத்தில் மூன்றும் ஒரே வரியில் இணைய வேண்டும். இப்படி:

அக்டோபர் 1-க்குப் பின் மூன்று வாரம் தொடர்ந்து இயல்பில் பாதிக்குக் கீழ் மழை: மறுவிதைப்புக்கு நெல் வாங்க வேண்டாம் என்று தண்டோரா, வேளாண் விரிவாக்க மையத்தில் உளுந்து, குதிரைவாலி விதை கேட்டு மனு. பொறுப்பு: பாசன சங்கச் செயலர், மூன்று நாளுக்குள்.

டிசம்பர் 1-இல் கண்மாய் அளவுக்கல்லில் குறித்த கோட்டுக்குக் கீழ்: ஆவணியில் எழுதிய முறைப்பாசன ஒப்பந்தம் அமலுக்கு வரும்.

பொங்கலன்று ஊருணி எட்டாம் படிக்குக் கீழ்: துவைப்பும் கால்நடையும் தடை; மாட்டுத் தொட்டிக்கு வேறு கிணறு; லாரிக்கு ஒன்றியத்துக்குக் கடிதம்.

படிக்கட்டே அளவுகோல் என்பதால் யாரும் மறுக்க முடியாது. தடையை எப்போது நீக்குவது என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் முதல் மழையிலேயே காற்றில் போய்விடும்.

எழுதிய அளவுகளைக் கடந்த 30 ஆண்டு மழையில் ஓட்டிப் பாருங்கள். அதில் 12 ஆண்டில் எச்சரிக்கை மணி அடித்தால் பதின்மூன்றாவது முறை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2016-இல் டிசம்பர் கடைசியில்தான் அடித்தது என்றால் அந்த அளவு எதற்கும் ஆகாது.

புழுதி விதைப்பு (மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைப்பது) பொய்த்தால் என்ன மாற்று?

முன்னெச்சரிக்கை விதையிலேயே தொடங்கும். 30 கிலோ நெல் விதைக்கு 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, 16 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைத்தால் முளைப்பு வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். வெயிலில் காயப்போட்டால் செய்த வேலை வீண். இரகம் குறுகிய காலமாக இருக்கட்டும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அண்ணா 4 போன்றவை 100–105 நாள். நவம்பர் பாதி தாண்டிவிட்டால் கண்மாய்த் தண்ணீர் உறுதியில்லாத நிலத்தில் நெல்லை மறந்துவிட்டு, 90–95 நாள் குதிரைவாலியோ 65–75 நாள் உளுந்தோ போடலாம். விதை அந்த வாரம் கிடைக்குமா என்பதுதான் நிஜமான கேள்வி, கிடைக்காது. எனவே ஊர்க் களஞ்சியத்தில் சிறிதளவாவது இருப்பு வைத்து, ஆண்டுதோறும் மாற்ற வேண்டும்.

"வறட்சி பாதித்த பகுதி" என்று அரசு எப்படி முடிவு செய்கிறது?

மத்திய அரசின் 2016 வறட்சிக் கையேட்டின்படி முதலில் மழைக்குறைவும் வறண்ட இடைவெளியும் பார்க்கப்படும். அது உறுதியானால் பயிர் விதைத்த பரப்பு, செயற்கைக்கோள் குறியீடுகள், மண் ஈரம், நீர்நிலை இருப்பு என்ற நான்கு வகையில் மூன்றைப் பார்ப்பார்கள். பிறகு பாதித்த ஊர்களில் 10 சதவீதத்தில் களச் சரிபார்ப்பு. சேதம் 33 சதவீதத்தைத் தொட்டால் மிதம், 50-ஐத் தாண்டினால் கடுமை. உங்கள் ஊர் அந்தப் பத்தில் ஒன்றாக இல்லாமலும் போகலாம். தேதி போட்ட மழைப் பதிவும் அடங்கல் நகலும் கையில் இருந்தால் மனுவுக்கு எடை கூடும்.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே?

சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். முக்கியப் பயிர்களுக்கு இழப்பீட்டை நிர்ணயிப்பது ஊரின் சராசரி விளைச்சல். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் வெட்டி அறுவடைச் சோதனை செய்கிறார்கள். மடைக்குப் பக்கத்து 75 ஏக்கர் நன்றாக விளைந்தால் கடைமடைக்காரரின் இழப்பு சராசரியில் கரைந்துபோகும். அறிவிக்கப்பட்ட பகுதியில் 75 சதவீதத்துக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். அத்தோடு அந்தப் போகத்துக் காப்பீடு முடிந்துவிடும். குத்தகைதாரர் பெயரில் அடங்கல் இல்லையென்றால் இதில் எதுவும் அவருக்கு எளிதாகக் கிடைக்காது. மதிப்பீட்டில் குத்தகைப் பங்கை ஒரு சுட்டியாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

கண்மாயைத் தூர்வாரினால் போதாதா?

கடந்த பத்து ஆண்டில் எத்தனை முறை மறுகால் போயிற்று என்று கேளுங்கள். ஒருமுறையும் இல்லையென்றால் கொள்ளளவு குறை அல்ல, வரத்துக் குறை. பணத்தைக் கால்வாயில் போடுங்கள். மடை மட்டத்துக்குக் கீழ் தோண்டியது வயலுக்குப் பாயாது, மாட்டுக்கு உதவும். கரையடியிலேயே மண் எடுத்தால் அடுத்த பெருமழையில் கரை வழுக்கும்.

நகரத்துக்கும் இதே முறையா?

சென்னை 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டபோது மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறனோடு கைகொடுத்தன. ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது. முறை ஒன்றுதான், சுட்டிகள் வேறு: குழாய் இணைப்பா லாரியா, தரைத்தொட்டி உண்டா, வாடகை வீடா, எத்தனை ஆதாரங்கள்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது?

குறியீட்டெண்ணை ஐந்தாண்டுக்கு ஒருமுறை. ஊர்த் திட்டத்தை ஆண்டுதோறும் ஆவணியில்: ஆள் மாறியிருப்பார், தொலைபேசி எண் மாறியிருக்கும், அளவுக்கல் சாய்ந்திருக்கும்.